பனங்காட்டில் பனையைத் தவிர எல்லாம்

22.04.2025, செவ்வாய் – சாயல்குடி வழியாகத் திருச்செந்தூர்

2018 நவம்பரில் கஜா புயல் பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டுப் போனபோது, வாய்க்கால் கரையில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்ந்த பனைகள் அசையாமல் நின்றன. அதைப் பார்த்துத்தான் எங்களில் சிலர் வேலியோரம் பனங்கொட்டை ஊன்ற ஆரம்பித்தோம். வடலிகள் இன்னும் இடுப்பு உயரம் தாண்டவில்லை. அதற்குள் என் மச்சினன் பதநீருக்கு விலை போட ஆரம்பித்துவிட்டான். ஏறத் தெரிந்த ஆள் நம்ம ஊரில் எங்கேடா என்றால், "ஏறுற ஊருக்கே போய்ப் பாத்துட்டு வந்துடுவோம் அத்தான்" என்றான். கூட ஓய்வு பெற்ற அறிவியல் வாத்தியார் ஒருவர். அவருக்கும் தோப்பு உண்டு, கவனம் மட்டும் வானத்தில். பைனாகுலர் இல்லாமல் கடைத்தெருவுக்குக்கூடப் போகமாட்டார்.

தொண்டி, தேவிபட்டினம் என்று ராமநாதபுரம் வரைக்கும் சொல்ல ஒன்றுமில்லை, வெயில்தான். சாயல்குடி நெருங்க நெருங்க ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பனை. ஓலைப் பந்தல் போட்டு நுங்கும் பதநீரும் விற்கிறார்கள். ஒரு பந்தலில் வண்டியை நிறுத்தினோம். குருத்தோலையை மடித்துப் பட்டை பிடித்து அதில் ஊற்றித் தந்தார் அந்த அம்மா. பட்டை முப்பது ரூபாய். மச்சினன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். தரவில்லை.

"வெறும் வயித்துல ரெண்டு பட்டை குடிச்சா வழியில வண்டிய நிறுத்திக்கிட்டே போகணும். ஊரு போய்ச் சேர வேணாமா? நுங்கு வேணா தின்னுங்க."

வியாபாரம் செய்ய உட்கார்ந்தவர் விற்கமாட்டேன் என்று சொல்லி நான் இப்போதுதான் பார்க்கிறேன். மரத்துக்கு எத்தனை லிட்டர் கிடைக்கும், எத்தனை மாதம் கிடைக்கும் என்று மச்சினன் நோட்டைத் திறந்தான். "அது மரத்தப் பொறுத்துத் தம்பி" என்பதோடு முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் மயிலைப் பற்றித்தான் பேசினார். போட்ட கடலையை மயில் முளைக்க விடுவதில்லை, சேலையைக் கட்டி வைத்தாலும் பயப்படுவதில்லை, அடிக்கவும் மனசு வராது, திருச்செந்தூரான் வாகனம். எங்கள் ஊரிலும் அதே கதைதான் என்று வாத்தியார் சொல்ல, இருவரும் உறவுக்காரர் ஆகிவிட்டார்கள்.

திருச்செந்தூரில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். ஜூலையில் குடமுழுக்கு வருவதால் கோவிலில் திருப்பணி நடக்கிறது. அறை கிடைத்தது, இரவு எட்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றது. கேட்டால் "மோட்டார் போட்டிருக்கு சார்" என்கிறார்கள். மோட்டார் சத்தம் கேட்கிறது, தண்ணீர்தான் வரவில்லை. பரோட்டாக் கடையில் டிவியில் காஷ்மீரில் சுற்றுலாப் பயணிகளைச் சுட்டுக் கொன்ற செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கடையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மாஸ்டர்கூடக் கொத்து பரோட்டாவை மெதுவாகத்தான் கொத்தினார்.

23.04.2025, புதன் – தேரி

காயாமொழி தாண்டியதும் மண் சிவக்கிறது. செம்மண் என்று நாம் சொல்கிற நிறம் இல்லை. மணலின் ஒவ்வொரு துகளிலும் இரும்பு ஆக்சைடு பூசியிருப்பதால் வந்த சிவப்பு என்று வாத்தியார் விளக்கினார். ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது இந்த மேடுகள் இடம் மாறுமாம். அதைப் பிடித்து நிறுத்தத்தான் வனத்துறை மரம் வைத்திருக்கிறது. உடைமரமும் முந்திரியும் பனையுமாக நிற்கிறது காடு. அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலில் சுனையைப் பார்த்தோம். சுற்றிலும் காய்ந்த மணல், நடுவில் மட்டும் மர நிழலும் தண்ணீரும். அங்கே உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தார்கள், நாங்களும்தான்.

வழி விசாரித்துக்கொண்டு போகையில், குறுக்கு வழி என்று மச்சினன் வண்டியை மணலில் இறக்கினான். இருபதடி போனதும் பின்சக்கரம் புதைந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போனது. காலை பத்தரை மணிக்கே மணலில் கால் வைக்க முடியவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அக்காவும் இரண்டு பையன்களும் வந்தார்கள். வண்டியைச் சுற்றி ஒரு நடை பார்த்துவிட்டு அந்த அக்கா சொன்னது: "மிதிக்காதிய. மிதிச்சா பாதாளத்துக்குத்தான் போவும்." பையன்கள் ஓடிப்போய்க் காய்ந்த பனை மட்டைகளை இழுத்து வந்தார்கள். கையால் மணலைத் தோண்டி, மட்டையின் கருக்கு கீழே பார்க்கும்படி சக்கரத்துக்கு முன்னால் இரண்டிரண்டாக அடுக்கினார்கள். டயர் கிழியக்கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. மூன்றாவது தள்ளலில் வண்டி ஏறியது.

பணம் கொடுத்தால் வாங்கவில்லை. பையன்களுக்கு வேண்டியதெல்லாம் வாத்தியார் கழுத்தில் தொங்கிய பைனாகுலர். அதை வாங்கி ஒரு உடைமரத்தடியில் கிடந்த உடும்பைப் பார்த்தார்கள். "யண்ணே, நாக்கு தெரியுதுண்ணே!" பத்து வருஷமாக அந்தக் காட்டில் சுற்றுகிற பிள்ளைகள், உடும்பின் நாக்கை அன்றுதான் கிட்டத்தில் பார்க்கிறார்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்பக் கூடாது என்று வாத்தியார் நாலு தடவை சொன்னார்.

மதியத்துக்குமேல் அண்ணாச்சியின் விடிலிக்குப் போய்ச் சேர்ந்தோம். பனங்கொட்டை கொடுக்கல் வாங்கலில் போன் வழியே பழக்கமானவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், நெஞ்சிலும் முழங்காலின் உட்புறத்திலும் காய்ப்பு. சீசன் முடியும் ஆடி வரைக்கும் குடும்பத்தோடு இந்த ஓலைக் குடிசையில்தான் வாசம். காலையும் மாலையும் முப்பது மரம் ஏறுகிறார். காலையில் பதநீர் இறக்கிப் பாளை சீவ வேண்டும், மாலையில் மறுபடி சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் பாளை காய்ந்துவிடும். அதனால் கல்யாணம், சாவு எதற்குப் போனாலும் அந்தியில் திரும்பிவிட வேண்டும். மகள் வீடு இருப்பது தூத்துக்குடியில். தைக்குப் பிறகு அங்கே ஒரு ராத்திரி தங்கியதில்லையாம்.

நாங்கள் போனபோது அண்ணாச்சி வீட்டு அக்கா அடுப்பில் நின்றார். அகல வாய்த் தகரச் சட்டியில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்கு எரிப்பது பனை மட்டையும் உடை முள்ளும். நுரை பொங்கி விளிம்புக்கு வரும்போது இடித்த ஆமணக்கு விதையை ஒரு சிட்டிகை போட்டார், உடனே அடங்கியது. பாகு இறுகும் கூப்பனிப் பதம் வந்ததும் கிளறுவது நிற்கக் கூடாது. நாங்கள் வந்ததற்காக மாங்காய்த் துண்டு நாலைந்தை அதில் போட்டு எடுத்துக் கொடுத்தார். வெளியே இனிப்பு, கடித்தால் புளிப்பு. சூட்டில் நாக்கு வெந்ததைப் பொருட்படுத்தாமல் தின்றோம். பிறகு சிரட்டைகளில் ஊற்றினார். பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ, கொஞ்சம் கூடினால் ஒன்றேகால்.

மச்சினனின் நோட்டில் ஏறியது இவ்வளவுதான். அண்ணாச்சியிடம் பனையைப் பற்றி என்ன கேட்டாலும் பதில் ஒரு வரியைத் தாண்டவில்லை. "ஆமா", "அது ஏறுனாத்தான் தெரியும்", "எங்க அப்பா அப்படித்தான் செஞ்சாவ". ஆனால் வாத்தியார் சும்மா, "மரத்துமேல என்னெல்லாம் பாப்பீங்க?" என்று கேட்டதும் மடை திறந்தது.

முதல் எதிரி மரநாய். ராத்திரி ஏறிவந்து கலயத்தில் வாய் வைத்துக் குடித்துவிட்டு, போதாக்குறைக்குப் பாளையையும் கடித்துவிட்டுப் போகும். அடிமரத்தைச் சுற்றி உடை முள் கட்டினால் பக்கத்து மரத்து ஓலை வழியாக வரும். "நாம முப்பது மரம் ஏறுதோம், அது அறுவது மரம் ஏறுது. கூலி யாரு குடுக்கா? நாமதான் குடுக்கோம்." அடுத்தது பழந்தின்னி வௌவால். இந்த இடத்தில் வாத்தியார் வங்கதேசத்தைக் கொண்டுவந்தார். அங்கே ஈச்ச மரத்துப் பச்சைச் சாற்றை வௌவாலும் குடிப்பதால் மனிதர்களுக்கு நிபா காய்ச்சல் தொற்றியதாக ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள், கலயத்தின் வாயை மூடுவதும் காய்ச்சிக் குடிப்பதும்தான் பாதுகாப்பு என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அக்கா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "நாங்க காய்ச்சித்தான விக்கோம்" என்றார். எங்கள் மூவர் கையிலும் பச்சைப் பதநீர்ப் பட்டை இருந்தது. மச்சினன் தன்னுடையதை உற்றுப் பார்த்தான். பிறகு குடித்துவிட்டான்.

சுருட்டை விரியன் அடிமரத்துப் பொந்தில் இருக்கும், கை வைக்கும் முன், ஏறுவதற்குச் சாய்த்து வைக்கும் முருக்குத்தடியால் தட்ட வேண்டும். பாம்பைவிடப் பயம் கதண்டு என்கிற பெரிய குளவிதான். மரத்துச்சியில் கூடு கட்டியிருப்பது கீழிருந்து தெரியாது. முப்பதடி உயரத்தில் கொட்ட ஆரம்பித்தால் கையை விடவும் முடியாது, அடிக்கவும் முடியாது. அவருடைய சித்தப்பா மகன் அப்படித்தான் விழுந்தார். அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் விளையாட்டு இல்லை.

பேச்சின் நடுவே எழுந்துபோய் ஒரு மரத்தைக் காட்டினார். தொங்கிக்கொண்டிருந்த காய்ந்த ஓலையின் அடியில் பைனாகுலரைத் திருப்பச் சொன்னார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஓலை மடிப்பில் ஒட்டவைத்த சின்னக் கிண்ணம் தெரிந்தது, உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. இறகும் பஞ்சும், எச்சிலால் ஒட்டியது. பனை உழவாரன் கூடு. கிண்ணத்தின் விளிம்பில் பழுப்புத் தலை ஒன்று அசைந்தது. காற்று அடிக்கையில் ஓலை முழுக்க ஆடுகிறது, கூடு ஓலையோடு போய் ஓலையோடு வருகிறது. பறவை ஓலையைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாக ஒட்டியிருந்தது.

"காஞ்ச ஓலையெல்லாம் கழிச்சாச்சு, இந்த ஒண்ண மட்டும் விட்டிருக்கேன். குஞ்சு பறந்த பொறவு வெட்டிக்கிடலாம்."

எத்தனை குஞ்சு என்று கேட்டேன். அதற்கு மட்டும் சரியான எண்ணிக்கை வந்தது. இரண்டு.

24.04.2025, வியாழன் – உடன்குடி, குலசை, மணப்பாடு

உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. இருந்தும் கடைக்காரர்கள் முதலில் கேட்பது, "உங்களுக்கா, விருந்தாளிக்கா?" விருந்தாளிக்கு என்றால் சீனி கலந்தது. நமக்கு என்றால் கிலோ முந்நூற்றைம்பது, உடைத்துக் காட்டுகிறார்கள். உடைத்த இடம் மங்கலாக இருக்க வேண்டும், பளபளத்தால் சீனி என்றார் ஒரு பெரியவர். இவ்வளவு வெளிப்படையாகக் கலப்படம் பேசும் கடைத்தெருவை நான் எங்கும் கண்டதில்லை. சுக்கும் ஏலமும் போட்ட சில்லுக்கருப்பட்டி கொஞ்சம் வாங்கினோம். சுக்குக் காபி பத்து ரூபாய். பால் இல்லாதது. குடித்து முடித்த பிறகுதான் வேர்க்க ஆரம்பித்தது, அதன் பிறகு காற்று குளிர்ந்தது.

குலசேகரன்பட்டினம் தாண்டி இஸ்ரோவின் ஏவுதளம் வரும் நிலத்தை வெளியே இருந்து பார்த்தோம். 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். சென்ற மாதம் ஏவுமேடைக்குப் பூமி பூஜை நடந்தது. இரண்டாயிரத்து இருநூறு ஏக்கருக்கு மேல். இங்கே ஏன் என்பதை வாத்தியார் மணலில் கோடு போட்டுக் காட்டினார். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்கு விட்டால் நேர்வழியில் இலங்கை குறுக்கே நிற்கிறது. அதனால் கிழக்கே போய்ப் பிறகு வளைந்து தெற்கே திரும்ப வேண்டியிருக்கிறது, வளைவதற்கே எரிபொருள் செலவாகிறது. சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். இங்கிருந்தால் நேரே தெற்கு, முன்னால் கடல் மட்டும்தான்.

இதை முந்தின நாளே அண்ணாச்சி சுருக்கமாகச் சொல்லியிருந்தார்: "பனை உச்சியில நின்னு தெக்க பாத்தா தண்ணிதான் தெரியுது. அதான் இங்க வாராவ." அவருடைய அம்மாவுக்கு ஒரே கவலை, ராக்கெட் விடும் சத்தத்தில் சினை ஆடு காலத்துக்கு முன்னாலேயே குட்டி போட்டுவிடுமா என்பது. நிலம் கொடுத்தவர்களின் பணம் பற்றி, வேலை யாருக்குக் கிடைக்கும் என்பது பற்றி டீக்கடையில் பேச்சு சூடாகவே இருந்தது. வெளியூர்க்காரர்கள் முன்னால் அதை நீட்டவில்லை, எங்களுக்கு டீ வந்ததும் பேச்சை வெயிலுக்கு மாற்றிவிட்டார்கள். நாகரிகமான ஆட்கள்.

மதியம் மணப்பாடு. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், நாட்டுப் படகு பிடித்துவரும் மீன்தான் கிடைக்கும். நெய்மீன் விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாக நகர்ந்தோம். சின்னச் சாப்பாட்டுக் கடையில் சாளைக் குழம்பு, பொரித்த சாளை நாலு, சோறு, எல்லாம் சேர்த்துத் தலைக்கு நூற்றிருபது. குழம்பில் தேங்காய் அரைத்து விட்டிருந்தார்கள், புளி தூக்கல். பரிமாறிய அம்மா மச்சினன் முள்ளோடு போராடுவதைப் பார்த்துவிட்டு, "நடுமுள்ளப் பிடிச்சு ஒரே இழுப்பா இழுங்கய்யா" என்று தானே ஒன்றை எடுத்துச் செய்துகாட்டினார். கடைச் சுவரில் போப் பிரான்சிஸ் படம், மாலை, மெழுகுவத்தி. அவர் இறந்து நாலாவது நாள். தெருவில் பல வீடுகளில் அப்படித்தான்.

மணல் மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயம், அதன் கீழே கடலைப் பார்த்த குகை. 1542-இல் வந்த சவேரியார் அங்கே தங்கினார் என்பது ஊரின் நம்பிக்கை. மேட்டிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் வளைந்த கடற்கரை, மறுபக்கம் கண்ணுக்கு எட்டியவரை பனை. ஐந்து மணிக்குக் காற்று மாறியது. மச்சினனின் தொப்பி பறந்து படகு ஒன்றுக்குள் விழ, வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிராமல் எடுத்து நீட்டினார்.

இரவு அண்ணாச்சி விடிலியிலேயே படுக்கலாம் என்றார். விடுதியின் மோட்டாரை நினைத்ததும் ஒத்துக்கொண்டோம். அமாவாசைக்கு மூன்று நாள். எட்டு மணிக்குள் இருட்டு முழுமையாக இறங்கியது. திருச்செந்தூர்ப் பக்கம் மட்டும் அடிவானத்தில் வெளிச்சம், மற்றபடி எதுவுமில்லை. வாத்தியார் பாய் விரித்து உட்கார்ந்து எல்லாவற்றையும் அறிமுகப்படுத்தினார். மேற்கே இறங்கும் வியாழன், உச்சிக்கருகே சிவந்த செவ்வாய், வடக்கே சப்தரிஷி. பத்து மணிவாக்கில் தெற்கே, பனந்தலைகளுக்கு மேலே திரிசங்கு என்கிற தென்சிலுவை. எங்கள் ஊரிலும் தெரியும், ஆனால் இவ்வளவு உயரத்தில் இல்லை. இரண்டு டிகிரி தெற்கே வந்ததற்குக் கிடைத்த லாபம் என்றார். மச்சினன் அதைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளவா என்று கேட்டான்.

அண்ணாச்சிக்கு இந்தப் பெயர்கள் வேறு. சப்தரிஷி அவருக்குக் கப்பல்வெள்ளி; கார்த்திகை அவருக்கு ஆறாமீன். பிறகு செட்டியைக் கெடுத்த வெள்ளியின் கதையைச் சொன்னார். சரக்கோடு போன செட்டியார் நடு இரவில் எழுந்த ஒரு வெள்ளியை விடிவெள்ளி என்று நினைத்து வண்டி கட்டிவிட்டார், காட்டு வழியில் கள்ளர் கையில் மாட்டினார். "செட்டியாரு கத இருக்கட்டும். எங்க அப்பாவையும் அது கெடுத்திருக்கு. ரெண்டு மணிக்கு எழும்பி, விடிஞ்சு போச்சுன்னு பதினஞ்சு மரம் ஏறிட்டாவ. பதினாறாவது மரத்துல நின்னு பாக்காவ, கெழக்க ஒரு வெளிச்சமும் இல்ல. எறங்கி வந்து அம்மாவ ஏசுனாவ." அம்மா என்ன செய்தார் என்று கேட்டேன். உள்ளே படுத்திருந்த அந்தப் பாட்டியே பதில் சொன்னார்: "நான் என்னத்த செய்ய? வெள்ளிய நானா ஏத்துனேன்?"

தூங்கப் பன்னிரண்டு ஆனது. கூகை ஒன்று மொட்டைப் பனையிலிருந்து இரவு முழுக்கக் கீச்சிட்டது. அங்கே படுத்துத் தூங்கியது வாத்தியார் ஒருவர்தான்.

25.04.2025, வெள்ளி – விடியல்

நாலு மணிக்கு எல்லாரும் எழுந்தாகிவிட்டது. வாத்தியாருக்குக் காரணம் வேறு. இன்று விடியலில் வெள்ளி, சனி, பிறை மூன்றும் சேர்ந்து வானத்தில் சிரிக்கும் முகம் தெரியும் என்று ஒரு வாரமாக எல்லார் போனிலும் வந்துகொண்டிருந்தது. ஐந்து மணிக்குக் கிழக்கே பார்த்தோம். இடது பக்கம் வெள்ளி, கண் கூசும் பிரகாசம். வலது பக்கம் சனி, மங்கல், அதுவும் காட்டிக் கொடுத்தால்தான் தெரிகிறது. பிறையோ ஏறக்குறைய இரண்டுக்கும் நடுவில். கண் இரண்டும் இருக்கிறது, வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பிறை மூக்கு மாதிரி நின்றது. "அமெரிக்காவுல அவங்க விடியுறதுக்குள்ள நிலா இன்னும் கீழ இறங்கியிருக்கும், அவங்களுக்கு எழுதுனத நமக்கு அனுப்பிட்டானுங்க" என்று வாத்தியார் பொருமினார். சனியின் வளையமும் இந்த வருஷம் பார்க்க லாயக்கில்லையாம். மார்ச் 23-இல் பூமி அந்த வளையத்தின் தளத்தைக் கடந்தது, இப்போது விளிம்பு மட்டும் நம் பக்கம் திரும்பியிருக்கிறது.

எனக்கென்னவோ அழகாகத்தான் இருந்தது. முகமாக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

அண்ணாச்சி இதற்குள் ஏழாவது மரத்தில் இருந்தார். நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சம் மரத்தில் ஏறுவதை மட்டும்தான் நாங்கள் பார்த்தோம். மேலே போனதும் அணைத்துவிடுகிறார், பாளை சீவ வெளிச்சம் வேண்டாமாம். கை அறியும். அரிவாள் பாளையில் படும் சத்தம் மெல்லிசாகக் கேட்டது. அருவாப்பெட்டி இடுப்பில் தட்டும் சத்தம், பிறகு சறுக்கல். கீழே வந்ததும் கலயத்தை எங்கள் முன் சாய்த்தார். உள்சுவரில் பூசிய சுண்ணாம்பு பட்டை பட்டையாக உரிந்து அடியில் படிந்திருந்தது. மேலே செத்த தேனீக்கள் ஒரு கைப்பிடி மிதந்தன, எறும்புகள், ஒரு அந்துப்பூச்சி. பன்னாடையை மடித்து வைத்து வடித்தார். கலயத்தின் விளிம்பில் இரண்டு கருத்த முடி ஒட்டியிருந்தது. அண்ணாச்சி அதை விரலால் எடுத்து வெளிச்சத்தில் காட்டி, "கூலி வாங்கிட்டுப் போயிருக்கு" என்றார்.

மச்சினனுக்கு ஏறிப் பார்க்க ஆசை. தளைநாரைக் காலில் மாட்டி, முருக்குத்தடியைச் சாய்த்து வைத்து, நெஞ்சை மரத்தோடு எப்படி அணைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். தென்னை ஏறுகிறவன்தான் அவன். ஆனால் தென்னை வழவழப்பு. இங்கே செதில் நெஞ்சைக் கிழிக்கிறது. ஆளுயரத்துக்கு மேல் இன்னும் ஒரு முழம் போனான். சட்டையில் இரண்டு பொத்தானும் முழங்கையில் தோலும் போயின. அக்கா மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்து நீட்டினார், சிரிக்காமல் இருக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு.

விடிந்ததும் பதநீரில் காய்ச்சிய கஞ்சி, தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு. இனிப்புக்குக் கருவாடா என்று தயங்கினேன், இரண்டாவது கும்பாவும் வாங்கினேன். ஏழரைக்கெல்லாம் வெயில் வந்துவிட்டது. ஊரில் பனங்காடை என்று நாங்கள் பேசும் பறவை ஒரு மொட்டைப் பனையிலிருந்து மணலில் இறங்கித் தேளைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த இறகின் நீலம் இறங்கும்போதுதான் தெரிகிறது, உட்கார்ந்திருந்தால் வெறும் பழுப்பு.

கிளம்பும்போது காசு விஷயத்தில் பெரிய தகராறு. தங்கியதற்கு வாங்கமாட்டேன் என்று அவர், கொடுக்காமல் போகமாட்டேன் என்று நான். கடைசியில் பத்து கிலோ கருப்பட்டி கடை விலைக்கு வாங்குவது என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். நிறுத்துப் பார்த்தால் பதினொன்று. ஓலைக் கொட்டானில் கட்டி வண்டியின் பின்னால் வைத்தார்கள். பாட்டி வாத்தியாரைத் தனியாகக் கூப்பிட்டு, ராக்கெட் என்றைக்கு விடுவார்கள், முந்தின நாளே ஆட்டைத் தங்கச்சி ஊருக்கு ஓட்டிவிட வேண்டும் என்று கேட்டார். தேதி தெரிந்ததும் போன் செய்கிறேன் என்று அவரும் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

27.04.2025, ஞாயிறு – பேராவூரணி

வரும் வழியில் தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கியது தவிர ஒன்றுமில்லை. முட்டையின் வெள்ளைக் கருவும் முந்திரியும் சீனியும்தான். வாங்கிய அரைக் கிலோவில் முக்கால்வாசியை வீட்டுக்கு வருமுன் மச்சினன் தின்றுவிட்டான், மிச்சம் கால்வாசி.

கொட்டானோடு தேரி எறும்பும் வந்துவிட்டது. சின்னச் செவ்வெறும்பு, கடித்தால் சுருக்கென்கிறது. இரண்டு நாளாக வண்டியைக் கழுவுகிறோம், ஏசியைப் போட்டால் அதன் வழியாக வருகிறது. மனைவி கருப்பட்டியை உடைத்துப் பார்த்து, மங்கலாகத்தான் இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்துவிட்டாள். வண்டிச் சாவியை மட்டும் தம்பியிடம் வாங்கி வைத்துக்கொண்டாள்.

காலையில் அண்ணாச்சி பேசினார். ஊர் போய்ச் சேர்ந்ததை விசாரிக்க என்று ஆரம்பித்தவர், மூன்று மரத்தில் கதண்டு வைத்திருப்பதால் அந்தப் பக்கம் ஏறவில்லை என்றார். தென்னையில் நாங்கள் என்ன செய்வோம் என்று கேட்டார். ராத்திரியில் பந்தம் கட்டிக் காட்டுவோம் என்று மச்சினன் போனைப் பிடுங்கிச் சொன்னான். "ஓலை பத்திக்கிட்டா மரம் போயிரும்லா மாப்ள" என்றார் அவர். அதற்குப் பிறகு நாற்பது நிமிஷம் அவர்கள் இருவரும் காண்டாமிருக வண்டு, மரநாய், திருச்செந்தூரில் ரூம் வாடகை, அண்ணாச்சி மகளுக்கு மே மாதம் வளைகாப்பு என்று போய்க்கொண்டிருந்தார்கள். உழவாரன் குஞ்சு பறந்துவிட்டதா என்று கேட்கச் சொல்லி நான் கை காட்டினேன். இன்னும் இல்லை, ஆனால் ஒன்று விளிம்புக்கு வந்து தொங்குகிறதாம். மச்சினன் நோட்டை எடுத்தான். பதநீர்க் கணக்குப் பக்கத்தில் எழுத இடம் நிறையவே இருந்தது.